கலைத்த சீட்டும் கலையாத ஐயமும்

ஓதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட நமக்குச் சீட்டுக்கட்டோடு எந்தத் தொடர்பும் இருந்ததில்லை. மதரஸாவில் பயின்ற நாளில், திண்ணையில் அமர்ந்து சீட்டாடுவோரைக் கண்டால் தெருவின் மறுபுறம் ஒதுங்கிச் செல்லுமாறு நம் உஸ்தாது அவர்கள் கற்பித்திருந்தார்கள். அன்று முதல் அவ்வாறே ஒதுங்கி நடந்த நாம், இன்று சீட்டைக் கலைக்கும் இயந்திரம் ஒன்றைப் பற்றி எழுத முற்பட்டிருப்பதைக் கண்டு வாசக அன்பர்கள் புன்னகை பூக்கக்கூடும். நடந்ததை நடந்தவாறே சொல்லிவிடுகிறோம்.

2025ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்து ஹூஸ்டன் நகரில் நம் மகன் இல்லத்தில் இரண்டு திங்கள் தங்கியிருந்தோம். ஐந்து வயதுப் பேத்திக்கு அலிஃபும் பேயும் கற்றுக்கொடுப்பதற்காகவே நாம் கடல் கடந்து வந்ததாகத் துணைவியார் கேலி செய்வதுண்டு. அதில் பொய்யுமில்லை. அரபு எழுத்துகள் அச்சிட்ட அட்டைக் கட்டு ஒன்றை மகன் நமக்கென வாங்கி வைத்திருந்தான். அட்டைக்கு ஓர் எழுத்தாக 28 அட்டைகள். வழவழப்பும் அளவும் சீட்டுக்கட்டைப் போலவே இருந்தன.

ஒரு நாள் பிற்பகல், அலிஃப் முதல் யே வரை அட்டைகளை வரிசையாக அடுக்கிப் பேத்தியின் கையில் கொடுத்தோம். அவளோ கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கி வந்தாள். இருபுறமும் இரண்டு சிறு தட்டுகள், நடுவில் ஒரு குழி, மேலே ஒரு பொத்தான். ஏதோ சமையற்கட்டுச் சாமான் போலும் என்று எண்ணினோம். குழந்தை கட்டை இரண்டாகப் பிரித்து இரு தட்டுகளிலும் வைத்துப் பொத்தானை அழுத்தினாள். கரகரவென்ற ஒலியோடு இருபுறத்து அட்டைகளும் நடுக்குழிக்குள் பாய்ந்து, சில நொடிகளில் ஒரே கட்டாயின.

"வாப்பாவும் கூட்டாளிகளும் விளையாடுற மெஷின் இது" என்றாள் பெருமையோடு. அடுக்களையில் நின்ற மருமகள் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனத்திலிருந்து நாம் பாதியைத் தெரிந்துகொண்டோம். மீதிப் பாதியை நம் மனமே கற்பித்துக்கொண்டது. மகன் சூதில் மூழ்கிவிட்டான், கடன்பட்டிருப்பான், தொழுகையைக் கைவிட்டிருப்பான் என்றெல்லாம் அன்று மாலைவரை எண்ணி எண்ணிப் புழுங்கினோம்.

இஷாத் தொழுகை அங்குக் கோடையில் பத்து மணியை ஒட்டி வரும். மகன் நம்மோடு நின்று தொழுதான். தொழுகை முடிந்ததும் அவனே பேச்சைத் தொடங்கினான்.

"வாப்பா, உங்ககிட்ட மறைக்கணும்னு இல்லை. சொல்லத் தயக்கமா இருந்துச்சு. மாசத்துல ரெண்டு சனிக்கிழமை, கூட வேலை பார்க்கிறவங்க ஆறேழு பேர் சேர்ந்து போக்கர் ஆடுறோம். ஆளுக்கு இருபது டாலர். அதுக்கு மேல கிடையாது."

போக்கர் என்பது சீட்டாட்டத்தில் ஒரு வகை. அங்கு பெரும்பாலும் ஆடப்படுவது அம்மாநிலத்தின் பெயராலேயே டெக்ஸாஸ் ஹோல்டெம் என வழங்கும் முறை. ஆளுக்கு இரண்டு சீட்டைக் கவிழ்த்துக் கொடுப்பார்கள். பொதுச் சீட்டாக ஐந்தை நடுவில் ஒவ்வொரு கட்டமாகத் திறப்பார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் பணத்துக்கு ஈடான வண்ண வட்டுகளைப் பந்தயமாக வைப்பார்கள். இவ்வாட்டம் ராப்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் பிறந்ததென அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் தீர்மானமே நிறைவேற்றியிருக்கிறது. சூதாட்டத்தைக் குற்றமாக்கும் அம்மாநிலச் சட்டம், தனியிடத்தில் ஆடுவோருக்கு மட்டும் ஒரு விலக்குத் தருகிறது. ஆட்டத்தில் வெல்வதன்றி வேறு எவ்வகையிலும் எவரும் ஆதாயம் பெறலாகாது. திறமையும் அதிர்ஷ்டமும் நீங்கலாக, வெல்லவும் தோற்கவும் உள்ள வாய்ப்பு அனைவருக்கும் சமமாயிருக்க வேண்டும். இவையே அதன் நிபந்தனைகள்.

"சட்டப்படி தப்பில்லை, ஏமாத்தும் இல்லை" என்றான் மகன். "சீட்டைக் கலைக்கிறதுகூட மெஷின்தான். மனுஷன் கை படுறதே இல்லை."

நாம் உடனே மறுமொழி கூறவில்லை. அவன் மேசைமீது விரித்த 52 சீட்டுகளையும் முதன்முறையாக உற்று நோக்கினோம். இஸ்தான்புல் நகரின் தோப்காபி அரண்மனைக் காட்சியகத்தில், எகிப்தை ஆண்ட மம்லூக்குகளின் காலத்துச் சீட்டுகள் இருக்கின்றன. எல். ஏ. மாயர் என்னும் அறிஞர் 1939இல் அவற்றைப் பற்றி எழுதி உலகறியச் செய்தார். கிண்ணம், நாணயம், வாள், போலோக் கோல் என அவற்றில் நான்கு இனங்கள் உண்டு. ஒவ்வோர் இனத்துக்கும் தலைமைச் சீட்டு 'மலிக்', அதாவது அரசர். அடுத்தது 'நாயிப்', அதாவது அவருடைய பிரதிநிதி. ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு இன்றும் வழங்கும் 'நாய்ப்பெ' என்ற பெயர் இந்த அரபுச் சொல்லின் வழி வந்ததே என்பர். நாம் ஒதுங்கிச் சென்ற பொருள் நம் கிதாபுகளின் மொழி பேசியிருக்கிறது என்பது அன்று நமக்கு வியப்பாகவே இருந்தது.

பின்பு மகனிடம் சொன்னோம்: "தம்பி, கலைக்கிறதில் நேர்மை வேண்டும் என்ற கவலை இந்தக் காலத்தில் பிறந்தது அல்ல. அறியாமைக் காலத்து அரபிகள் ஆடிய மைசிர் எப்படி என்று சொல்கிறேன், கேள்."

அவர்கள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்குகளாக்குவார்கள். பத்து அம்புகள் இருக்கும். அவற்றில் ஏழு பங்குள்ளவை, மூன்று வெறும் அம்புகள். ஒரு பையில் அவற்றை இட்டுக் குலுக்கி எடுக்க ஒருவரை அமர்த்துவார்கள். தொட்டுப் பார்த்து இன்னார் அம்பு எனக் கண்டுகொள்ளாதபடி அவர் கையைத் துணியால் சுற்றிவிடுவார்கள். அதுவும் போதாதென்று அவருக்குப் பின்னால் ஒரு கண்காணிப்பாளரை அமர்த்துவார்கள். வென்றவர் இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு ஈந்துவிடுவதும் அவர்களிடையே பெருமையாகக் கருதப்பட்டது. குலுக்கலில் கள்ளமில்லை, பயனோ ஏழைகளுக்கு. அப்படியிருந்தும் திருமறை அதைத் தடுத்தது. ஏமாற்று நடக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டித் தடுக்கவில்லை. ஆடுவோரிடையே பகையும் வெறுப்பும் மூளும் என்பதையும், இறை நினைவும் தொழுகையும் தடைப்படும் என்பதையும் காரணமாக அல்-மாயிதா அத்தியாயம் எடுத்துரைக்கிறது.

"எங்களுக்குள்ள பகை ஏது வாப்பா? எல்லாரும் கூட்டாளிகள்" என்றான்.

"அப்படியானால், இந்த மெஷினை ஏன் வாங்கினீர்கள்?"

இக்கேள்வியை நாம் எவ்வித உள்நோக்கமுமின்றியே கேட்டோம். அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். பிறகுதான் கதை வெளிவந்தது.

முன்பெல்லாம் அவர்கள் கையாலேயே கலைத்திருக்கிறார்கள். ஒவ்வொருவரும் முறை வைத்துக் கலைப்பது வழக்கம். குழுவில் ஒருவர், மகனோடு கல்லூரி நாள் முதல் பழகியவர், அமெரிக்கா வந்த முதலாண்டில் தம் அறையில் அவனுக்கு இடமளித்தவர். அவர் கலைத்த ஓர் இரவில் மூன்று முறை தொடர்ந்து அவருக்கே உயர்ந்த சீட்டுகள் விழுந்தன. "உன் கையில ஏதோ வித்தை இருக்கு" என்று வேறொருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அனைவரும் சிரித்தார்கள். அடுத்த முறை கூடியபோது மேசையின் நடுவில் இந்த இயந்திரம் இருந்தது. சண்டை வேண்டாமே என்ற நல்லெண்ணத்தில் அதை வாங்கி வைத்தவன் நம் மகனே. அந்நண்பர் அதைச் சிறிது நேரம் பார்த்தார். அன்று ஆடிவிட்டுப் போனார். அதன்பின் வரவேயில்லை. எட்டுத் திங்களாகத் தொலைபேசியிலும் பேச்சில்லை.

எவரும் அவரைக் கள்ளன் என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையும் இருக்கவில்லை. எல்லோருடைய கையும் கலைத்து வந்த சீட்டை, ஒருவருடைய கை கலைத்த மறு வாரமே இயந்திரத்திடம் ஒப்படைத்தால், அவர் அதைத் தீர்ப்பென்றே கொள்வார்.

அப்போதுதான் பிற்பகலில் பேத்தி கலைத்த எழுத்து அட்டைகள் நம் நினைவுக்கு வந்தன. கட்டு கலைந்தவாறே மேசையோரம் கிடந்தது. அதை எடுத்து ஒவ்வொன்றாக விரித்தோம். முதலில் அலிஃப், அடுத்து லாத், பிறகு பே, தே, அதன்பின் தோ, மீண்டும் ஸே என வந்தன. பார்வைக்குத் தாறுமாறாகவே தோன்றியது. ஆனால் அரபு எழுத்து வரிசையை நாளும் ஓதிக் கொடுப்பவர் கண்ணுக்கு அது தாறுமாறாகத் தெரியவில்லை. அலிஃப் முதல் ஸாத் வரையுள்ள 14 எழுத்துகளும் தம் வரிசை பிறழாமல் ஓர் இழையாக ஓடின. லாத் முதல் யே வரையுள்ள மற்ற 14ம் இன்னோர் இழை. பூச்சரத்தில் இருநிற மலர்களை மாற்றி மாற்றித் தொடுத்தது போல் இரண்டும் பின்னிக் கிடந்தன. இடையிடையே ஒரே புறத்து அட்டைகள் இரண்டு மூன்று சேர்ந்தும் வந்திருந்தன.

மகன் எழுந்து வந்து பார்த்தான். அவன் பொறியியல் கற்றவன். இயந்திரத்தைப் புரட்டிக் காட்டி விளக்கினான். பேட்டரியால் சுழலும் ரப்பர் உருளைகள் இருபுறத்துக் கட்டிலும் அடிச்சீட்டை உருவி நடுவில் தள்ளுகின்றன. ஆகவே ஒவ்வொரு புறத்தின் வரிசையும் குலைவதே இல்லை. இரு வரிசைகளும் ஒன்றுக்குள் ஒன்று நுழைவதோடு சரி. கட்டைப் பாதியாகப் பிரித்து, ஓரங்களைப் படபடவென விழவிட்டுக் கையால் கலைப்பதிலும் இதுவே நடக்கிறது. இவ்வகைக் கலைப்பைப் பற்றி டேவ் பேயர், பெர்ஸி டயகோனிஸ் என்னும் இரு கணித அறிஞர்கள் 1992இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். இவர்களில் டயகோனிஸ், தம் 14ஆம் வயதில் ஒரு சீட்டு வித்தைக்காரரோடு வீட்டைவிட்டுப் புறப்பட்டுப் பின்னர்க் கணிதப் பேராசிரியரானவர். 52 சீட்டுகள் செவ்வையாகக் கலைய ஏறத்தாழ ஏழு முறை வேண்டும் என்பது அவர்கள் கண்ட முடிவு. 52 சீட்டுகளை அடுக்கக்கூடிய முறைகளின் எண்ணிக்கை 68 இலக்கங்கள் கொண்டது. ஒரே முறை கலைப்பதால் அவற்றுள் மிகச் சிறு பகுதியையே எட்ட முடியும்.

"நீங்கள் எத்தனை முறை கலைப்பீர்கள்?" என்று கேட்டோம்.

"கையால ரெண்டு, மிஞ்சினா மூணு. மெஷின்ல ஒரு தடவைதான்" என்றான். சிறிது நேரம் கழித்து, யாரிடமோ சொல்வதுபோல், "அன்னைக்கு முந்தின ஆட்டத்துச் சீட்டு பிரியாம ஒட்டிக்கிட்டே வந்திருக்கலாம்" என்றான்.

அந்நண்பர் குற்றமற்றவர் என்று இது மெய்ப்பித்துவிடவில்லை. செவ்வையாகக் கலைந்த கட்டிலும் ஒருவருக்கே மும்முறை நல்ல சீட்டு விழுதல் நடக்கக்கூடியதே. ஆனால் ஒரு மனிதரை ஐயுறுவதற்கு அந்த இரவு எவ்வளவு குறைந்த சான்றைத் தந்தது என்பதை அந்த 28 அட்டைகளும் காட்டிவிட்டன. ஐயங்கொள்வதைப் பற்றி அல்-ஹுஜுராத் அத்தியாயம் விடுக்கும் எச்சரிக்கையை நாம் எத்தனையோ மாணவர்களுக்கு ஓதிக் கொடுத்திருக்கிறோம். அன்று பிற்பகல் முதல் இரவுவரை மகனைப் பற்றி நாம் எண்ணியவற்றை நினைத்தபோது, அதை அவனுக்கு எடுத்துச் சொல்ல நம் நாக்கு எழவில்லை. நாம் எண்ணியதை அவனிடம் கூறி வருத்தம் தெரிவித்தோம். அவன் நம் கையைப் பற்றிக்கொண்டான்.

மறுநாள் காலை அவன் வாசற்புறம் நின்று தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். குரல் கேட்கவில்லை. ஒரு முறை சிரித்தது மட்டும் கேட்டது. அடுத்த ஞாயிறு அந்நண்பர் தம் மனைவி மக்களோடு வந்தார். துணைவியார் நெய்ச்சோறும் கறியும் ஆக்கினார். சீட்டைப் பற்றியோ இயந்திரத்தைப் பற்றியோ எவரும் பேசவில்லை. விடைபெறுகையில் அவர் நமக்கு ஸலாம் உரைத்து, "உங்க மகன் முதல்ல பேசினான் மாமா. அதுவே போதும்" என்றார்.

நாம் ஊர் திரும்பியபின், 2025 அக்டோபரில், நியூயார்க்கில் ஒரு பெரிய வழக்குப் பதிவான செய்தியைப் படித்தோம். பெரும் பணம் புழங்கிய போக்கர் ஆட்டங்களில், சீட்டைக் கலைக்கும் இயந்திரங்களையே மாற்றியமைத்து, எவருக்கு நல்ல சீட்டு விழும் என்பதை முன்கூட்டி அறிந்து பிறரை மோசம் செய்தார்கள் என்பது குற்றச்சாட்டு. அவை உள்ளேயே சீட்டைப் படித்தறியும் விலையுயர்ந்த இயந்திரங்கள். நம் மகன் வீட்டுப் பெட்டிக்கு அத்தகைய அறிவு கிடையாது. ஆயினும், மனிதர்மேல் நம்பிக்கை போனபின் பொருள்மேல் வைக்கும் நம்பிக்கை, அப்பொருளைத் தொட்ட மனிதர்மேல் வைக்கும் நம்பிக்கையாகவே வந்து முடிகிறது என்பதை அச்செய்தி நமக்கு உணர்த்தியது.

மகன் ஆட்டத்தை விட்டுவிட்டானா என்று நாம் கேட்கவில்லை. சொல்ல வேண்டியதை ஒருமுறை சொல்லிவிட்டோம். வளர்ந்த மகனுக்கு அதற்குமேல் துஆவே நாம் தரக்கூடியது. சென்ற வாரம் தொலைபேசியில் பேத்தியின் குரலுக்குப் பின்னால் அந்தக் கரகர ஒலி கேட்டது. என்ன செய்கிறாய் என்று வினவினோம். எழுத்து அட்டைகளை ஏழு முறை கலைத்துவிட்டாளாம். இனி அலிஃபிலிருந்து தானே அடுக்கப் போகிறாளாம்.

அடுக்கி முடிக்கும்வரை நாம் தொலைபேசியை வைக்கவில்லை.