உப்பும் ஒரு பழைய சாட்டர்னும்

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்துச் சிற்றூர்ப் பங்கொன்றில் நாம் பணியாற்றிய காலத்தில், நோயில்பூசுதலுக்கு நள்ளிரவிலும் அழைப்பு வரும். பேருந்து பகலிலும் வராது. எனவே 2009இல், பிறர் ஓட்டிய 2002ஆம் ஆண்டுச் சாட்டர்ன் சிறுமகிழுந்து ஒன்றை வாங்கினோம்.

பனிக்காலத்தில் அங்குச் சாலைகளில் உப்புத் தூவுவர். பனி உருகும், இரும்போ அரிக்கப்படும். ஜெனரல் மோட்டார்ஸ் டென்னசியில் உருவாக்கிய இவ்வண்டிக்குக் கதவின் புறப்பகுதி பிளாஸ்டிக். துருவேறாது, சிற்றிடிக்கு நெளியாது. உள்ளிருக்கும் சட்டம் எஃகன்றோ! ஆதலால் பளபளக்கும் கதவில் மயங்காது, அடியில் செல்லும் பிரேக் எண்ணெய்க் குழாய்களைக் காணவேண்டும். அவற்றில் துளை விழுந்தால் வண்டி நில்லாது. நாமும் அங்கியைக் கழற்றிவைத்து, ஈரத்தரையில் படுத்துப் பார்த்தோம். (விற்றவருக்கு அடக்கவொண்ணாச் சிரிப்பு.)

குழாய்களை உப்பு அரித்திருந்தது. விலையைக் குறைத்துப் பெற்றோம். வேலையிழந்திருந்த பங்குமகன் ஒருவர், கூலி மறுத்து, புதியன பொருத்தித் தந்தார்.

அதே ஆண்டில் சாட்டர்னை மூடும் முடிவு வெளியாயிற்று. 2010இல் அப்பெயரே சந்தையினின்று மறைந்தது. தாய்வீடிழந்த வண்டி என்று சிலர் இரங்கினர். ஆனால் பழைய வண்டிகளை உடைத்து விற்கும் கிடங்குகளில் உதிரிப்பாகங்களுக்குக் குறைவில்லை. குழாய் பொருத்தியவருக்கு வேலை கிடைக்கத்தான் மேலும் ஈராண்டாயிற்று.