ஒரு சிட்டிகை உப்பு

ஜூன் 2, திங்கள்

காலை பத்து மணிக்கு வாசலில் இரண்டு பையன்கள். கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. "சார், வாட்டர் டெஸ்டிங். உங்க ஏரியா ஃபுல்லா ஃப்ரீ செக்கப் நடக்குது." என்னிடம் தமிழ். மதில் மேலாக எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அம்மாவிடம் தெலுங்கு. நடுவில் வந்த போனில் கன்னடம். ஓசூரில் இது அதிசயம் இல்லை, காய்கறி வண்டிக்காரரே மூன்று மொழியில்தான் விலை சொல்வார். ஆனாலும் நம் மொழியில் பேசுகிறவனைக் கண்டால் கை தானாகக் கேட்டைத் திறந்துவிடுகிறது.

மூன்று டம்ளர் கேட்டார்கள். ஒன்றில் எங்கள் போர்வெல் தண்ணீர், ஒன்றில் எங்கள் ஆர்.ஓ. மெஷின் தண்ணீர், ஒன்றில் அவர்கள் பாட்டிலில் கொண்டுவந்த தண்ணீர். ஒவ்வொன்றிலும் இரண்டு கம்பிகளை இறக்கி ஸ்விட்சைப் போட்டார்கள். போர்வெல் டம்ளர் முதலில் பச்சையாகக் கலங்கியது, பிறகு செங்காவி. மேலே நுரை, அடியில் கசடு. ஆர்.ஓ. டம்ளர் வெளிறிய மஞ்சள். அவர்களுடையது மட்டும் தெளிவாக நின்றது.

"மெம்பரேன் போயிடுச்சு சார். இதைத்தான் டெய்லி குடிக்கறீங்க."

என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அவள் பாலக்கோடு பக்கத்துக் கிராமம். சின்ன வயதில் குடித்த கிணற்றுத் தண்ணீர் அவள் முன்பற்களில் பழுப்புக் கோடாக இன்றைக்கும் இருக்கிறது. சிரித்தால் வாயைக் கையால் மூடிக்கொள்வாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் கை இறங்கவில்லை. பேரனுக்கு இப்போதுதான் பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கிறது. அவள் அந்தச் செங்காவி டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "என்னங்க, மாத்திடச் சொல்லுங்க" என்றாள்.

மெம்பரேன், ஃபில்டர்கள், பம்ப் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 6,400 ரூபாய். அட்வான்ஸ் 3,000 போனில் அனுப்பினேன். பம்பைக் கழற்றி எடுத்துக்கொண்டார்கள். புதன்கிழமை வந்து மாட்டுவார்களாம். பில் கொடுத்தார்கள், கர்நாடகத்து அத்திப்பள்ளி முகவரி.

ஜூன் 4, புதன்

வரவில்லை. போன் ஸ்விட்ச் ஆஃப் என்று ஒரு பெண் குரல் கன்னடத்தில் சொல்கிறது. கடையில் கேன் தண்ணீர் வாங்கினேன்.

ஜூன் 5, வியாழன்

இரவு தூக்கம் வரவில்லை. பணத்தைவிட அந்த நிறம்தான் உறுத்தியது. எங்கேயோ பார்த்த நிறம்.

விடியற்காலையில் பிடிபட்டது. சிப்காட்டில் நான் முப்பது வருஷம் வேலை பார்த்தது பிளேட்டிங் செக்‌ஷன். நிக்கல் தொட்டியில் நிக்கல் ஆனோடைத் தொங்கவிட்டு மின்சாரம் கொடுப்போம். அது கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உருப்படியின் மேல் போய் ஒட்டும். கரைவது தண்ணீர் அல்ல, கம்பி. இதை எத்தனையோ டிரெய்னிக்குச் சொல்லிக் கொடுத்தவன், என் வீட்டுத் திண்ணையில் ஒரு பையன் இரும்புக் கம்பியைக் கரைத்துக் காட்டியபோது வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

காபி குடித்துவிட்டு மொட்டை மாடிக்குப் போனேன். பழைய ஸ்கூட்டர் பேட்டரி, துண்டு வயர், நான்கு ஆணி. போர்வெல் தண்ணீரில் இரண்டு ஆணி: பச்சை, பிறகு காவி. அதே நாடகம். பாசிட்டிவ் பக்கத்து ஆணியை எடுத்துப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரி குழிகள். அடுத்து, கடையில் வாங்கிய கேன் தண்ணீர்: பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அதில் ஒரு சிட்டிகை உப்புப் போட்டேன். போர்வெல் தண்ணீரைவிட மோசமான காவி! உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், ஓடினால் இரும்பு கரையும், அவ்வளவுதான் விஷயம். கடைசியாக ஆணிகளை எடுத்துவிட்டு இரண்டு பென்சிலை இரு பக்கமும் சீவி, அதன் கரியைப் போர்வெல் தண்ணீரில் இறக்கினேன். குமிழி வந்தது, காவி வரவில்லை.

மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். உப்புப் போட்ட டம்ளரை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப என் பல்லு?" என்றாள்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. இந்த ஏமாற்று இங்கே பலிப்பதற்குக் காரணமே அந்தப் பல்தான். தருமபுரி, கிருஷ்ணகிரிப் பாறைகளில் ஃப்ளோரைடு இருக்கிறது. ஆழத்துத் தண்ணீரில் அது இறங்கிப் பல்லையும் எலும்பையும் கெடுத்தது கதை இல்லை. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. 2008-இல் அடிக்கல் நாட்டியபோது கர்நாடக எல்லைக்கு இரு பக்கமும் கொதித்தது, 2013-இல் தண்ணீர் வந்தது. பையன்கள் பயத்தைப் புதிதாக உண்டாக்கவில்லை. ஏற்கெனவே இருந்த பயத்துக்கு நிறம் அடித்தார்கள். ஆனால் ஃப்ளோரைடுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது.

ஜூன் 7, சனி

பஸ் பிடித்து ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி போனேன். பில்லில் இருந்த முகவரியில் ஒரு பேக்கரி. பில்லைக் காட்டினேன். கல்லாவில் இருந்தவர் படிக்கக்கூட இல்லை. "மூணாவது ஆள் நீங்க" என்று தமிழிலேயே சொன்னார். ஒரு டீயும் பன்னும் சாப்பிட்டுத் திரும்பினேன். பன் நன்றாக இருந்தது, எழுதிவைக்க வேண்டியதுதானே.

ஜூன் 8, ஞாயிறு

விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. நான் ஒருவன்தான் ஏமாளி என்று வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன். சாயங்காலத்துக்குள் வெட்கம் பங்கு பிரிந்துவிட்டது. மூலை வீட்டில் மொட்டை மாடி ஒழுகலுக்கு 'பத்து வருஷ கேரண்டி' என்று ஒருவன் வெள்ளையாக எதையோ அடித்துவிட்டுப் போயிருக்கிறான். முதல் மழையில் அது பால் மாதிரி குழாய் வழியே இறங்கிவிட்டது. எதிர் வீட்டில் 'கேஸ் செக்கிங்'. ட்யூப் தேதி முடிந்துவிட்டது, மாற்றாவிட்டால் கனெக்‌ஷன் கட் என்று மிரட்டி மட்டமான ட்யூபை மாட்டிவிட்டார்கள். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை அடுப்புப் பரிசோதனை உண்மையிலேயே உண்டு, ட்யூபுக்கும் காலக்கெடு உண்டு. அதனால்தான் பொய் அவ்வளவு லேசாக உள்ளே வருகிறது. ஏஜென்சிக்கு ஒரு போன் போட்டு, "ஆள் அனுப்பினீங்களா?" என்று கேட்டிருந்தால் முடிந்திருக்கும். எதிர் வீட்டுக்காரர் கேட்கவில்லை. நான் மட்டும் கேட்டேனா?

அந்தப் பையன்கள் பத்து மணிக்கு வந்ததையும் கவனிக்க வேண்டும். ஜெனரல் ஷிப்ட் பஸ்கள் போய் முடிந்த நேரம். வீட்டில் இருப்பது பெண்களும் என்னைப் போன்ற ரிட்டயர்டு ஆட்களும், நைட் ஷிப்ட் முடிந்து தூங்குகிறவர்களும்.

ஜூன் 10, செவ்வாய்

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கூப்பிட்டேன். கேட்ட முதல் கேள்வி: "நிறுவனத்தின் பெயர் என்ன?" பில்லில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறு பெயர், பணம் போன கணக்கில் மூன்றாவதாக ஒரு பெண்ணின் பெயர்.

சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, விற்றவன் கர்நாடகத்தில் இருந்தாலும் நான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கிருஷ்ணகிரிக்குப் போனால் போதும், பெங்களூருக்கு அலைய வேண்டாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷம் அவகாசம். போலீஸ் புகாரும் அப்படித்தான்: 2024 ஜூலையில் வந்த புதுச் சட்டத்தின்படி, குற்றம் எந்த எல்லையில் நடந்தது என்று பார்க்காமல் எந்த ஸ்டேஷனிலும் கொடுக்கலாம். எல்லாம் சரி, எதிர்மனுதாரர் இடத்தில் யார் பெயரை எழுதுவது? அந்தப் பேக்கரிக்காரரையா?

இருந்தாலும் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். கணக்கில் இருக்கும் பெண்ணின் பெயர், பரிவர்த்தனை எண், போன் எண். கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் அதுவும் இருந்திருக்காது.

ஜூன் 12, வியாழன்

மெஷின் கம்பெனியின் கஸ்டமர் கேர் எண்ணை மெஷின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். இத்தனை நாள் அதன் மேல் காலண்டர் தொங்கியது. இன்று ஆள் வந்தார். புது பம்ப் மாட்டி, டி.டி.எஸ். மீட்டர் வைத்தார். போர்வெல் 780. மெஷினில் வருவது 140. "மெம்பரேன் நல்லாத்தான் சார் இருக்கு. தண்ணி சப்புன்னு இருக்கும்னு கொஞ்சம் உப்பு கலந்து வர்ற மாதிரி வால்வைத் திறந்து வெச்சிருக்கோம், அதான் 140." மஞ்சள் டம்ளரின் ரகசியமும் முடிந்தது.

போகும்போது மனைவி அவரிடம் கேட்டாள், "தம்பி, இந்தப் பேனா மீட்டர் ஃப்ளோரைடு எவ்வளவுன்னு சொல்லுமா?"

"சொல்லாதுங்க அக்கா. மொத்த உப்பைத்தான் காட்டும். அதுக்கு லேபுக்குத்தான் போகணும்."

முப்பது வருஷம் தொட்டி பார்த்த எனக்குத் தோன்றாத கேள்வி. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை பொறுக்கலாம். ஃப்ளோரைடுக்கு அதே கணக்கு 1, 1.5. மீட்டரில் 300 காட்டும் தண்ணீரிலும் ஃப்ளோரைடு 2 இருக்கலாம், 780-இல் அரைகூட இல்லாமலும் போகலாம்.

ஜூன் 24, செவ்வாய்

போன வாரம் இரண்டு பாட்டில்களில் தண்ணீர் பிடித்து, ஒன்றில் 'போர்', இன்னொன்றில் 'குழாய்' என்று மனைவியே எழுதி ஒட்டி, பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தோம். இன்று தாள் கிடைத்தது. ஃப்ளோரைடு: போர்வெல் 1.3. மாநகராட்சிக் குழாய் 0.4.

குழாய்த் தண்ணீர் இனிமேல் சமையலுக்கும் குடிக்கவும். அது வராத நாட்களுக்கு மெஷின். தாளை மடித்து பீரோவில் வைத்தாள். 3,000 ரூபாய் இன்னும் வரவில்லை.