ஸ்பீக்கர் பொத்தான்

2021 நவம்பரில் எங்கள் ஊரில் மழை ஓயவே இல்லை. கூடுவாஞ்சேரி, ஊரப்பாக்கம் பக்கம் தாழ்வான நகர்களில் தண்ணீர் வீட்டுக்குள் ஏறியிருந்தது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு என்பதால் வாசற்படியோடு நின்றது. கரண்ட் மறுநாளே வந்துவிட்டது. நெட் வர ஐந்து நாளானது. அந்த ஐந்து நாளில்தான் என் மகளுக்குப் படிக்கத் தெரியாது என்பதைத் தெரிந்துகொண்டேன்.

அவளுக்கு அப்போது ஆறு வயது. டேப்லெட் வேலை செய்யாததால் சலித்துப்போய், அலமாரியிலிருந்து ஒரு ஆங்கிலக் கதைப்புத்தகத்தை எடுத்து வந்தாள். பக்கத்துக்கு ஒரு வரிதான். கொஞ்ச நேரம் புரட்டினாள். பிறகு வரியின் ஓரத்தில் விரலை வைத்து இரண்டு முறை தட்டினாள்.

"அப்பா, இதுல ஸ்பீக்கர் பொத்தான் எங்க இருக்கு?"

விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். "நீயே படிம்மா" என்றேன். முதல் சொல்லைப் பார்த்தாள், படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். படத்தில் ஒரு நாய் இருந்தது. "டாக்" என்றாள். அந்த வரியில் 'டாக்' என்ற சொல்லே இல்லை.

முந்தைய வாரம்தான் அவளுடைய ரிப்போர்ட்டை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தேன். வாசிப்பு: 96 சதவீதம்.

2020 மார்ச்சில் பள்ளிகள் மூடியபோது அவள் எல்கேஜி முடித்துக்கொண்டிருந்தாள். ஜூனில் ஜூம் வகுப்பு தொடங்கியது. நாற்பது குழந்தைகள், நாற்பது சதுரங்கள். "மிஸ், என் பென்சில் காணோம்" என்று ஒரு குரல், பின்னணியில் யார் வீட்டு குக்கரோ மூன்றாவது விசில். இரண்டு மாதம் பார்த்தோம். நானும் மனைவியும் பேசி முடிவெடுத்தோம்: பள்ளியிலிருந்து நிறுத்திவிடலாம், வீட்டிலேயே சொல்லித்தருவோம்.

முடிவெடுக்கும் முன் சட்டத்தைப் படித்தேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை பேசுகிறது. குழந்தையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதுவும் சொல்லவில்லை. எந்த வயதில் திரும்பி வந்தாலும் அந்த வயதுக்குரிய வகுப்பில் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. தேசியத் திறந்தநிலைப் பள்ளி நடத்தும் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் மூன்றாம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளுக்குச் சமமான மூன்று நிலைகள் உண்டு. ஆக, கதவு எந்தப் பக்கமும் பூட்டப்படவில்லை. அது தைரியம் தந்தது.

அடுத்தது பாடத்திட்டம். எத்தனையோ இருந்தன. கடைசியில் ஒரு வெளிநாட்டு ஆன்லைன் பாடத்திட்டத்துக்கு ஒரு வருடச் சந்தா கட்டினேன். பெயர் வேண்டாம், அதன்மீது எனக்குப் புகார் இல்லை. அழகாகச் செய்திருந்தார்கள். ஒவ்வொரு பாடமும் எட்டு நிமிடம். பாடம் முடிந்தால் ஒரு ஆந்தை கைதட்டும். பெற்றோருக்கென்று தனிப் பக்கம். அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு. எங்கள் பக்கம் எப்போதும் பச்சையாகவே இருந்தது.

மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள். ஊரடங்கிலும் பாதி நாள் கிளைக்குப் போய்த்தான் ஆகவேண்டும். வீட்டிலிருந்து வேலை பார்த்தவன் நான். எனவே வீட்டுப்பள்ளியின் தலைமையாசிரியர் பதவி எனக்கு வந்தது. பள்ளி நடந்த விதம் இது: காலை ஒன்பதரைக்கு அவளை ஹாலில் உட்காரவைத்து லாகின் போட்டுவிட்டு, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி ஹெட்செட் மாட்டிக்கொள்வேன். பன்னிரண்டு மணிக்கு வெளியே வந்து பச்சையைப் பார்ப்பேன்.

நெட் வந்த அன்றிரவு பெற்றோர் பக்கத்தில் ஒரு மூலையில் இருந்த 'முழு விவரம்' என்பதை அழுத்தினேன். எக்செல் கோப்பு ஒன்று இறங்கியது. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி: எத்தனை நொடி, எத்தனை முயற்சி, ஒலியை எத்தனை முறை கேட்டாள். கடைசிக் கட்டத்தில் சைபர் இருந்த வரியைத் தேடினேன். இல்லை. பதினைந்து மாதத்தில் ஒரு வாக்கியத்தைக்கூட அவள் ஸ்பீக்கரைத் தட்டாமல் கடக்கவில்லை. கேட்கிறாள், கேட்டதற்குப் பொருத்தமான படத்தைத் தொடுகிறாள், ஆந்தை கைதட்டுகிறது. அவள் ஏமாற்றவில்லை. பொத்தான் இருந்தது, அழுத்தினாள். 96 சதவீதமும் பொய்யில்லை. அவள் காதால் கேட்டுப் புரிந்துகொண்டதன் மதிப்பெண் அது. நான்தான் அதை வாசிப்பு என்று எடுத்துக்கொண்டேன்.

எனக்கு யார்மேல் கோபம் வர முடியும்? நான் செய்கிற வேலையே இதுதான். கிடங்குகளுக்கு டாஷ்போர்டு எழுதுகிறேன். எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது, எங்கே தேக்கம். முதல் பக்கத்தில் பச்சை தெரிந்தால் மேனேஜர் உள்ளே போய்ப் பார்க்கமாட்டார் என்பது எங்கள் டீமில் எல்லாருக்கும் தெரியும். அதற்காகத்தான் முதல் பக்கத்தையே வடிவமைக்கிறோம். ஒலி எண்ணிக்கையை முதல் பக்கத்தில் வைக்காமல் விட்டவர் எங்கோ என்னைப்போல் ஒரு ஆளாக இருந்திருப்பார்.

விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவர். பகலெல்லாம் குழந்தைகளுடன் ஹாலில் இருந்தவர் அவர்தான். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "எனக்குத் தெரியும்டா" என்றார்.

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நான் சொன்னா நீ கேப்பியா? உன் கம்ப்யூட்டரு தொண்ணூத்தாறுன்னு சொல்லுது. ஆயா சொல்றதயா கேக்கப்போற?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. பாடத்திட்டத்தை யாருக்காக வாங்கினேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பள்ளியை விட்டு நிறுத்திய நாளிலிருந்து எனக்குள் ஒரு பயம் இருந்தது. குழந்தை எதையாவது தவறவிட்டால் அதற்கு நான் மட்டுமே பொறுப்பு என்ற பயம். பள்ளியில் படிக்கும் குழந்தைக்கு எழுத்து வரவில்லை என்றால் மிஸ்ஸைத் திட்டலாம், சிலபஸைத் திட்டலாம். இங்கே திட்டுவதற்கு ஆளில்லை. அந்தப் பயத்துக்குத்தான் மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டிருந்தேன். ஆந்தை எனக்காகத்தான் கைதட்டியது.

கான் அகாடமியின் தொடக்கக் கதையை நம்மில் பலர் கேட்டிருப்போம். 2004-இல் பாஸ்டனில் இருந்த சல்மான் கான், நியூ ஆர்லியன்ஸில் இருந்த உறவுக்காரச் சிறுமி நாடியாவுக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். இருவருக்கும் பொதுவான ஒரு கணினித் திரையில் எழுதிக் காட்டினார். யூடியூபில் வீடியோ ஏற்றியது 2006-இல். அதாவது முதலில் இருந்தது ஒரு போன் கால். ஒரு சிறுமி எங்கே தயங்குகிறாள் என்பதை மறுமுனையில் ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். வீடியோ லட்சக்கணக்கான பேருக்குப் போய்ச் சேர்ந்தது, அது பெரிய விஷயம்தான். அந்தக் கேட்டுக்கொண்டிருந்த காது மட்டும் அதோடு போய்ச் சேராது. அதை ஒவ்வொரு வீட்டிலும் யாராவது தனியாகப் போட்டாக வேண்டும். நான் போடவில்லை.

டிசம்பரிலிருந்து முறையை மாற்றினோம். காலை ஆறரை முதல் ஏழு பத்து வரை. லேப்டாப் மூடியிருக்கும், போன் சமையலறையில். நாற்பது நிமிடம்தான். கணக்குக்கு அதே ஆன்லைன் பாடத்திட்டத்தின் வரிசையை வைத்துக்கொண்டேன். இடமதிப்பு பிடிபட்ட பிறகுதான் இனமாற்றிக் கூட்டல் என்பது போன்ற வரிசையை யோசித்து வைத்தவர்கள் என்னைவிடக் குழந்தைகளை அறிந்தவர்கள். மதிப்பெண் பக்கத்தை மட்டும் திறப்பதில்லை. தமிழுக்கு நம் அரசின் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்தேன். 2018-இல் புதிதாக வந்தது. பாடங்களில் கியூஆர் கோடு இருக்கும், போனைக் காட்டினால் வீடியோ வரும். பிடிஎஃப் இலவசம்.

தமிழ் படிக்கும்போதுதான் என் பொறுமைக்குச் சோதனை வந்தது. 'கொடி' என்ற சொல்லில் அவள் நின்றாள். "எ... க... ஆ..." என்றாள். முதலில் புரியவில்லை. மூன்றாம் நாள்தான் பிடிபட்டது. ஆங்கிலத்தில் ஒலிகளை இடமிருந்து வலமாகக் கோக்கவேண்டும் என்று ஆந்தை சொல்லித்தந்திருக்கிறது. ஸ்பீக்கர் இருந்ததால் அங்கே அவள் கோத்ததே இல்லை. விதி மட்டும் மனதில் நின்றிருக்கிறது. அதே விதியை இங்கே போடுகிறாள். தமிழில் கொம்பு எழுத்துக்கு முன்னால் நிற்கும், ஒலி பின்னால் வரும். 'கொ'வில் ஒரு பாதி முன்னால், ஒரு பாதி பின்னால். கண் போகும் வழி வேறு, வாய் போகும் வழி வேறு. முப்பது வருடமாகப் படிக்கும் எனக்கு இது விநோதம் என்றே தோன்றியதில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் வாயைப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் தெரிந்தது.

இதற்குள் 2021 நவம்பர் 1 அன்று தமிழகத்தில் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கும் பள்ளிகள் திறந்துவிட்டன. கிட்டத்தட்ட இருபது மாத இடைவெளி. என் மகளுக்காவது ஒரு ஆந்தை இருந்தது. எங்கள் தெருமுனையில் இஸ்திரி போடுபவரின் மகனுக்கு இருந்தது, அப்பா ராத்திரி வீடு திரும்பிய பிறகு கிடைக்கும் ஒரு போனும் கல்வித் தொலைக்காட்சியும்தான். இதை எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. பள்ளியை வேண்டாம் என்று சொல்லும் வசதி எங்களுக்கு இருந்தது. அவனுக்குப் பள்ளிதான் அவனை வேண்டாம் என்றிருந்தது.

2021 அக்டோபரில் மரக்காணம் பக்கத்தில் முதல்வர் தொடங்கிவைத்த 'இல்லம் தேடிக் கல்வி', அடுத்த ஆண்டின் தொடக்கத்தில் எங்கள் தெருவுக்கும் வந்தது. ஒரு வீட்டு மாடியில் சாயங்காலம் ஒன்றரை மணி நேரம். நடத்தியவர் தெருவிலேயே இருக்கும் பட்டதாரி அக்கா. மாதம் 1000 ரூபாய் ஊக்கத்தொகை. திட்டம் அரசுப்பள்ளிக் குழந்தைகளுக்கானது. என் மகளையும் உட்காரவைக்கலாமா என்று தயங்கிக் கேட்டேன். "பாய் பெருசாத்தான் சார் இருக்கு, அனுப்புங்க" என்றார்.

பிறகு இதைப்பற்றி வந்த ஆய்வைப் படித்தேன். தமிழகக் கிராமங்களில் ஏறக்குறைய 19,000 குழந்தைகளைச் சோதித்த கார்த்திக் முரளிதரன் குழுவினரின் ஆய்வு. பள்ளி மூடியிருந்த காலத்தில் உண்டான இழப்பு பெரியது, கணக்கில் இன்னும் பெரியது. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதத்தில் அதில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டுவிட்டது. மீண்டதில் சுமார் கால்பங்குக்கு இந்தச் சாயங்கால வகுப்புகள் காரணம். மாடியில் விரித்த பாய்க்கு இவ்வளவு செய்ய முடிந்திருக்கிறது.

அந்தப் பாயில் என் மகள் யாரிடம் கற்றாள் என்று பார்த்தேன். அக்காவிடம் கொஞ்சம். பெரும்பாலும் நான்காவது படிக்கும் இஸ்திரிக்காரர் மகனிடம். அவன் இவளுடைய சிலேட்டை வாங்கிக் கொம்பை மட்டும் அழித்துவிட்டு, "இப்பப் படி... இப்பக் கொம்ப வெச்சிப் படி" என்பான். எனக்குத் தோன்றாத உத்தி.

இது பழைய வழிதான். 1789 வாக்கில் எழும்பூரில் படைவீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கான விடுதிக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைப் பார்த்தார். அதைத் தன் விடுதியில் செய்யச் சொன்னார். ஆசிரியர்கள் ஒத்துவரவில்லை. ஜான் ஃப்ரிஸ்கன் என்ற எட்டு வயதுப் பையனிடம் அரிச்சுவடி வகுப்பை ஒப்படைத்தார். அவன் நடத்திக் காட்டினான். 1797-இல் லண்டனில் பெல் இதைப் புத்தகமாகப் போட, 'மெட்ராஸ் சிஸ்டம்' என்ற பெயரில் இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஒருவகையில் நம் மணலை எடுத்துக்கொண்டு போய் அவர்கள் பாடத்திட்டம் ஆக்கினார்கள். இருநூறு வருடம் கழித்து நான் அவர்களிடம் சந்தா கட்டிக்கொண்டிருக்கிறேன்.

2022 ஜூனில் மகளை நடந்துபோகும் தூரத்தில் இருக்கும் பள்ளியில் இரண்டாம் வகுப்பில் சேர்த்தோம். சேர்த்ததைத் தோல்வி என்று சொன்ன நண்பர்கள் உண்டு. வீட்டில் சொல்லித்தந்து நன்றாக வளர்த்தவர்களை எனக்குத் தெரியும். அங்கெல்லாம் யாரோ ஒருவர் தன் பகலை முழுசாகக் கொடுத்திருக்கிறார். எங்களுக்கு வீட்டுக்கடன் இன்னும் பதினாறு வருடம் இருக்கிறது. ஒரு இரவு மனைவி கேட்டாள்: "உன்னால வேலைய விட முடியுமா? என்னால முடியுமா? அப்ப நாம நடத்துனது வீட்டுப்பள்ளி இல்லப்பா, வீட்டுல ஒரு டேப்லெட்." பதில் சொல்லவில்லை. காலை நாற்பது நிமிடத்தை மட்டும் விடவில்லை, இன்றுவரை.

இன்னொன்றைச் சொல்லவேண்டும். மகனுக்கு அப்போது நாலு வயது. அவனுக்கு லாகின் கிடையாது, சந்தா கிடையாது. அக்கா படிக்கும்போது எதிரில் உட்கார்ந்திருப்பான். அதனால் வெகுநாள் எழுத்துகளைத் தலைகீழாகவே அடையாளம் கண்டுகொண்டிருந்தான். அக்காதான் அவனை இந்தப் பக்கம் இழுத்து உட்காரவைத்தாள்.

போன மாதம் நால்வரும் தாம்பரம் போக ஸ்டேஷனில் நின்றிருந்தோம். வண்டி தாமதம். அவன் மஞ்சள் பலகையை அண்ணாந்து பார்த்துக் கத்திப் படித்தான். "கூ... டு... வா... ஞ்..." அங்கே நின்றான். "ஏ..." என்று இழுத்தான்.

நான் வாய் திறப்பதற்குள் அவள் அவன் தோளைப் பிடித்து, தன் உள்ளங்கையால் காற்றில் கொம்பை மறைத்துக் காட்டினாள்.

"இப்பப் படிடா."

"ச."

கையை எடுத்தாள்.