கடல் பக்கத்துச் சன்னல்

ஸுபஹ் தொழுததும் வாடகை வேன் கடுகண்ணாவைக் கணவாயில் இறங்கியது. 1832இல் கட்டிய டோசன் கோபுரம் பனியில் மறைந்திருந்தது. பின்னிருக்கைகளைக் கழற்றிப் பாய் விரித்திருந்தோம். அடுப்பும் சோற்றுப் பானையும் காலடியில்.

பேருவளை கெச்சிமலைப் பள்ளியடியில் பகல் சோறு. காலி தாண்டியதும் பிள்ளைகள் கடலைக் கண்டு கூச்சலிட, உம்மா சன்னல் திரையை இழுத்துவிட்டார்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு. அம்பாந்தோட்டைச் சந்தைக்குப் போன சாச்சியின் மையித்து கிடைக்கவேயில்லை. ஸியாரத் செய்யக் கபுறில்லாத மவுத்து. அதன்பின் உம்மா கடற்கரைப் பக்கம் வந்ததில்லை. போவோம் என்று இம்முறை சொன்னதும் அவர்தான்.

அம்பாந்தோட்டையில் இறங்கி, அலை கால் நனைக்கும்வரை நடந்து, கடலுக்கு ஸலாம் சொன்னார்.

“இதுதானே மகன், தங்கச்சிட கபுறு.”

அன்றிரவு வேனில் படுத்தபோது, கடல் பக்கத்துத் திரையை உம்மாவே விலக்கிவைத்தார்.