கெர்மிட் கொண்டுவந்த வாசாப்பு

1981 இல் நியூயோர்க்கில் இருக்கிற கொலம்பியா பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஒரு தலையிடி. பெரிய டெக்-20 கணினியில்தான் வேலை செய்யவேணும், அதில ஆளாளுக்குக் கிடைச்ச இடமோ கொஞ்சம். செய்த வேலையை பிளொப்பியில பதிஞ்சு வைக்கலாம் எண்டால், பிளொப்பி போடுற சின்னக் கணினி சீபிஎம் என்ற வேறு இயங்குதளத்தில் ஓடுது. ஒண்டின்ர பேச்சு மற்றதுக்கு விளங்காது. இதுக்காக பிராங்க் டா குரூஸ், பில் கச்சிங்ஸ் என்ற இரண்டு பேர் எழுதினதுதான் கெர்மிட். மப்பெற்ஸ் பொம்மை நிகழ்ச்சியில வாற தவளையின்ர பேர் அது. பிறகு டொஸ், யுனிக்ஸ், ஐபிஎம் மெயின்பிரேம் எண்டு அது போகாத கணினி குறைவு. ஏதாவது ஒரு வயரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் அதுக்குப் போதும்.

அந்தத் தவளை உயிலங்குளத்துக்கும் வந்தது. எங்கட ஊரில ஒரு மாஸ்டர் இருந்தவர். மூவிராசாக்கள் வாசாப்பின்ர கையெழுத்துக் கொப்பி ஒண்டைப் பார்த்து, முழுசையும் தன்ர கணினியில ரைப் பண்ணி வச்சவர். கொப்பி இடம்பெயர்வோட போயிற்று. மாஸ்டரும் இப்ப இல்லை. மிஞ்சினது வின்டோஸ் 98 ஓடுற ஒரு பெட்டி மட்டும். பிளொப்பி வாசிக்காது, பென் டிரைவைக் குத்தினால் அதை யாரெண்டு கேக்குது, இணைய வயர் குத்த இடமே இல்லை. டிஸ்க்கைக் கழட்டி எடுக்கலாம்தானே எண்டு நீங்கள் கேப்பீங்கள். நாங்களும் அதைத்தான் கேட்டனாங்கள். "அவர் பூட்டின மாதிரியே கிடக்கட்டும் பிள்ளையள், திறக்காதேங்கோ" எண்டு டீச்சரம்மா சொல்லிப்போட்டா. மாஸ்டரின்ர மனுசி அவா. அதுக்கு மேல கதைக்க எங்களுக்கு வாய் வரேல்லை.

பெட்டியின்ர பின்பக்கம் ஒன்பது ஊசி உள்ள ஒரு வாய் இருந்தது, சீரியல் போர்ட். எங்கட லினக்ஸ் லப்டொப்பில அது இல்லை, யூஎஸ்பி மாற்றி ஒண்டு வாங்கினம். நடுவில போற வயரில இரண்டாம் ஊசியை மூன்றோட, மூன்றை இரண்டோட, ஐந்தை ஐந்தோட பொருத்த வேணும். ஒருத்தர் வாய் மற்றவர் காதுக்கு நேரா இருக்க வேணும், அவ்வளவுதான். வின்டோஸ் 98 இல ஹைப்பர்டேர்மினல் எண்டு ஒரு பழைய நிரல் வரும், அதுக்குள்ளயே கெர்மிட் இருக்கு. கொலம்பியா 2011 இல இந்த வேலையைக் கைவிட்டாலும் நிரலைத் திறந்த உரிமத்தில விட்டிட்டுப் போனதால, லினக்ஸ் பக்கத்துக்கு ஒரு கட்டளையில இறக்கிப்போட்டம்.

கெர்மிட் கோப்பைச் சின்னச் சின்னப் பொதியாக வெட்டும். ஒவ்வொண்டிலயும் இலக்கம், நீளம், சரக்கு, கடைசியில கூட்டிப் பார்க்கிற ஒரு தொகை. தொகை சரியெண்டால் அங்கால இருந்து "கிடைச்சது", பிழையெண்டால் "திரும்ப அனுப்பு". கிடைச்சது எண்டு சொல்லும்வரைக்கும் அடுத்தது அசையாது. 2002 போர்நிறுத்தத்துக்குப் பிறகு ஓமந்தை மாதிரி உயிலங்குளமும் இரண்டு பக்கத்துக்கும் நடுவில ஒரு வாசல். பையைத் திற, இறக்கு, எண்ணு, பதி, போ. எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு இந்த முறை புதுசில்லை. கெர்மிட் ஒண்டையும் பறிச்சு வைக்காது, அதுதான் வித்தியாசம்.

9600 வேகத்தில ஒரு செக்கனுக்கு ஆகக்கூடினது 960 எழுத்து. வின்டோஸ் 98 நோட்பாட் 64 கிலோபைட்டுக்கு மேல திறக்காது எண்டதால மாஸ்டர் வாசாப்பை ஏழு கோப்பாகப் பிரிச்சு வச்சிருந்தார். ஒவ்வொண்டாக அனுப்பினம். வரி முடிவில வின்டோஸ் இரண்டு குறி வைக்கும், லினக்ஸ் ஒண்டு, பழைய மக் வேற ஒண்டு. கேட்டால் கெர்மிட் போற வழியிலயே அதை மாத்தியும் தரும். கூத்துப்பாட்டில வரி முறியிற இடம்தான் மூச்சு எடுக்கிற இடம், அதனால நாங்கள் மாத்த விடேல்லை. உள்ளது உள்ளபடி எடுத்து, வேற பிரதி ஒண்டிலதான் கை வச்சம்.

எல்லாம் வந்து சேர்ந்தது, ஒரு எழுத்துக் குறையாமல். திறந்தால் தமிழ் இல்லை.

மாஸ்டர் பாவிச்சது பாமினி. அதில 'அம்மா' எண்டு அடிச்சால் கோப்புக்குள்ள கிடக்கிறது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். மேல பாமினி எழுத்துருவைப் போர்த்தினால்தான் அது அம்மா. தேட ஏலாது, அகரவரிசைப்படுத்த ஏலாது எண்டு பாமினியை நாங்கள் எவ்வளவு திட்டியிருப்பம்! ஆனால் சாதாரண ஆங்கில விசைகளுக்குள்ளயே பெரும்பாலும் ஒளிஞ்சிருந்ததாலதான் எந்தக் கணினியும் அதைச் சேதமில்லாமல் சுமந்திருக்கு. கெர்மிட் பிற்காலத்தில ரஷ்ய, ஜப்பானிய எழுத்துகளைக்கூட ஒரு குறிமுறையில இருந்து இன்னொண்டுக்கு மாத்தப் பழகினது. எங்கட பாமினியை அதுக்குத் தெரியாது.

இதில ஒரு வேடிக்கையும் இருக்கு. பாமினியில 'சூ' இருக்கிறது ஹாஷ் விசையில. கெர்மிட்டுக்கோ ஹாஷ் தன்ர சொந்த அடையாளக் குறி. சரக்கிலயும் அது வந்தால் குழம்பாமல் இருக்க இரண்டு தரம் அனுப்பும், அங்கால ஒண்டைக் கழிச்சிடும். அப்படியெண்டால் சூசையப்பர் வாசாப்பில வந்த ஒவ்வொரு தடவையும் வயரில இரண்டு பேராக வந்து, லப்டொப்பில ஒரு ஆளாக இறங்கியிருக்கிறார்.

யுனிகோடுக்கு மாத்தினது ஒரு பின்னேர வேலை. அச்செடுத்துக் குடுக்க டீச்சரம்மா கண்ணாடியைப் போட்டு முதல் விருத்தத்தை வாசிச்சா. பாடேல்லை, வாசிச்சாதான். எங்களுக்கும் வாசிக்கத்தான் தெரியும். பாட்டுகளுக்கு மேல மாஸ்டர் விருத்தம், கொச்சகம், தரு எண்டு ஒழுங்காகப் போட்டிருக்கிறார். நாலாவது கோப்பில ஏரோது வாற இடத்தில மட்டும் "மெட்டு: முன்னதுபோல" எண்டு கிடக்கு. அந்த முன்னது எது எண்டு ஏழு கோப்பிலயும் இல்லை. ஆட்காட்டிவெளியில முந்தி ஏரோது வேசம் கட்டின ஐயா ஒருத்தர் இருக்கிறாராம். காது கொஞ்சம் மந்தம், பாட்டெண்டால் கேக்குமாம். வாற ஞாயிறு பூசை முடிய ஃபோனையும் சார்ஜ் பண்ணிக்கொண்டு போறம்.