இரண்டு திரை, ஒரு புள்ளி

மார்ச் 4, செவ்வாய்

அக்கா மகன் தன் பழைய மானிட்டரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். புரூஃப் பார்க்கிறவளுக்கு இரண்டு திரை என்பது பெரிய வசதி. ஒன்றில் ஆசிரியரின் கையெழுத்துப் படி, மற்றதில் அச்சுக்கோத்த பக்கம் என்று வைத்துக்கொண்டால் ஜன்னல்களை மாற்றி மாற்றித் திறக்க வேண்டாம்.

கேபிளைச் செருகியதும் எழுத்துகள் சுண்டுவிரல் உயரத்துக்கு வந்து நின்றன. என் லேப்டாப் 14 அங்குலம். அதற்குள் 2880×1800 பிக்சல். மானிட்டர் கிட்டத்தட்ட 24 அங்குலம், அதில் 1920×1080தான். அங்குலத்துக்கு லேப்டாப்பில் 243 பிக்சல், மானிட்டரில் 93கூட வரவில்லை. லேப்டாப்புக்காக வைத்திருந்த 200 சதவீதம் மானிட்டருக்கும் சேர்ந்தே போய்விட்டது. 100க்கு இறக்கினேன். மானிட்டர் சரியானது, லேப்டாப்பில் எழுத்து எறும்பாகிவிட்டது. செட்டிங்ஸில் இரண்டுக்கும் சேர்த்து ஒரே அளவுதான் கொடுக்க முடிகிறது.

மார்ச் 5, புதன்

மாலையில் அக்கா மகனுக்குப் போன் செய்தேன். "சித்தி, எக்ஸ்ரேண்டர்னு ஒரு கட்டளை இருக்கு. மானிட்டருக்கு மட்டும் ரெண்டு மடங்கு ஸ்கேல் கொடுத்துப் பாருங்க" என்றான்.

கொடுத்ததும் அளவு சரியாகிவிட்டது. எட்டு மணி வரை அப்படியே வேலை பார்த்தேன். பிறகு 112ஆம் பக்கத்தை ஏதோ சந்தேகத்தில் பெரிதாக்கியபோது, நான் "பல் வலி" என்று படித்துக் கடந்திருந்த இடத்தில் "பல வலி" என்று இருந்தது. அந்தப் பக்கத்தில் தாத்தாவுக்கு வந்தது பல் வலி. புள்ளி இல்லாததை என் கண் பிடிக்கவில்லை. புள்ளி இருக்கிற இடங்களிலும் அது சாம்பல் கறையாகத்தான் தெரிந்துகொண்டிருந்தது. அதனால் இருப்பதற்கும் இல்லாததற்கும் வித்தியாசமே போய்விட்டது.

இந்தக் கட்டளை செய்வது இதுதான்: மானிட்டரை 3840×2160 என்று பாவித்து 82,94,400 பிக்சலில் படத்தை வரைகிறது, பிறகு அதை 20,73,600 பிக்சலுக்குள் நசுக்குகிறது. நான்கு பிக்சல் சேர்ந்து ஒன்றாகின்றன. ஆங்கில எழுத்தின் நேர்கோடுகள் இதை ஓரளவு தாங்கிக்கொள்ளும். தமிழில் சொல்லையே மாற்றக்கூடிய ஒற்றின் புள்ளி ஒன்றிரண்டு பிக்சல்தான். முதலில் கரைவது அதுதான்.

அன்று பார்த்த நாற்பது பக்கங்களையும் மறுபடி பார்க்க வேண்டும்.

மார்ச் 6, வியாழன்

காரணம் தெரியாமல் பொத்தான்களைத் திருகிக்கொண்டிருப்பது எனக்குப் பிடிக்காது. காலை முழுவதும் படித்தேன்.

நான் உள்நுழைந்துகொண்டிருந்தது எக்ஸ்11 என்ற திரை நெறிமுறையின் அமர்வில். அந்த நெறிமுறை 1987இல் எம்ஐடியில் வந்தது. ஒருவர் மேசையில் இரண்டு திரை, அவற்றின் அடர்த்தி ஒன்றுக்கொன்று இரண்டரை மடங்கு என்ற நிலைமையே அப்போது இல்லை. தொடக்கத்தில் ஒவ்வொரு திரைக்கும் தனி அடர்த்தி சொல்ல முடிந்திருக்கிறது. ஆனால் ஒரு திரையில் திறந்த ஜன்னலை இன்னொன்றுக்கு இழுத்துப் போக முடியாது. இழுக்க வேண்டும் என்பதற்காக எல்லாத் திரைகளையும் தைத்து ஒரே பெரிய விரிப்பாக்கினார்கள். ஒரே விரிப்பு என்றானதும் அடர்த்தியும் ஒன்றாகிவிட்டது. என் மேசையில் நடந்தது அதன் விளைவு.

2008இல் கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் தொடங்கிய வேலண்ட் என்ற நெறிமுறை இதை வேறு விதமாக அணுகுகிறது. ஒவ்வொரு திரையும் தன் அளவைத் தனியாகச் சொல்லும். ஜன்னல் எந்தத் திரையில் இருக்கிறதோ அதற்கேற்ப செயலி வரைந்து கொடுக்கும். அதிலும் முதலில் 1, 2, 3 என்ற முழு எண்கள்தான். 2.25 மடங்கு வேண்டுமென்றால் 3 மடங்கில் வரைந்து நசுக்க வேண்டும். அதாவது மறுபடியும் புதன்கிழமையின் கதை. 2022 நவம்பரில்தான் பின்ன அளவுக்கான நெறிமுறை வந்தது. 1 மடங்கை 120 கூறாக்கி, எத்தனை கூறு என்று செயலிக்கே சொல்லிவிடுகிறார்கள். 120 இரண்டாலும் மூன்றாலும் நான்காலும் ஐந்தாலும் வகுபடும். யோசித்துத் தேர்ந்த எண் என்று நினைக்கிறேன். படித்தபோது மனது நிறைந்தது.

உள்நுழையும் திரையின் மூலையில் அமர்வைத் தேர்ந்தெடுக்கும் சிறு பட்டியல் இருக்கிறது. என் டெஸ்க்டாப்பான பிளாஸ்மாவை வேலண்டில் ஓட்டும் பிளாஸ்மா (வேலண்ட்) என்பதைத் தேர்ந்தேன். இப்போது செட்டிங்ஸில் திரைக்கு ஒரு அளவு. மானிட்டருக்கு 100, லேப்டாப்புக்கு 200.

மார்ச் 9, ஞாயிறு

அளவுகோலை எடுத்து இரண்டு திரையிலும் ஒரே சொல்லை அளந்தேன். 12 புள்ளி எழுத்து மானிட்டரில் 4.4 மில்லிமீட்டருக்கு வருகிறது, லேப்டாப்பில் 3.3. லேப்டாப் கண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதால் சிறியதாக இருக்கலாம்தான், ஆனால் இது எனக்குப் போதவில்லை. 225 ஆக்கினேன்: 3.8. இந்த 225 சதவீதத்தில் இன்னொரு நன்மையும் உண்டு. 2880ஐ 2.25ஆல் வகுத்தால் 1280, 1800ஐ வகுத்தால் 800. மிச்சமே இல்லை. 120 கூற்றுக் கணக்கில் 270.

பழைய அகராதிச் செயலி மட்டும் லேப்டாப்பில் மங்கலாகவே இருக்கிறது. அக்கா மகனிடம் கேட்டேன். "எக்ஸ்ஐஸ் ஓட்டுங்க சித்தி. அந்தக் கண்ணு சொல்லிடும்."

இரண்டு கண்கள் மட்டும் உள்ள குட்டிச் செயலி அது. மவுஸ் போகும் பக்கமெல்லாம் பார்க்கும். வேலண்டில் பழைய எக்ஸ் செயலிகளுக்கென்று எக்ஸ்வேலண்ட் என்ற இடைத்தளம் உண்டு. அதன் வழியே ஓடும் ஜன்னலின் மேல் மவுஸ் இருந்தால்தான் இந்தக் கண்கள் நகரும். ஃபயர்பாக்ஸ் மேல் கொண்டுபோனேன், அசையவில்லை. 121ஆம் பதிப்பிலிருந்து அது இயல்பாகவே வேலண்டில் ஓடுகிறது. அகராதியின் மேல் வந்ததும் கண்கள் உருண்டன.

பிளாஸ்மாவில் இதற்கும் ஒரு தேர்வு இருக்கிறது: பழைய செயலிகளைக் கணினியே பெரிதாக்கலாம், அல்லது அவையே தங்களைப் பெரிதாக்கிக்கொள்ளும்படி விடலாம். நான் இரண்டாவதுக்கு மாற்றி, அகராதியை மூடித் திறந்தேன். எழுத்து கூர்மையாகிவிட்டது; பொத்தான் படங்கள் மட்டும் சிறியவையாக நிற்கின்றன. எனக்கு வேண்டியது எழுத்து.

ஆனால் இந்த முறையில் பழைய செயலிகள், இரண்டு திரைகளின் அளவுகளில் எது பெரியதோ அதற்கே வரைகின்றன. அகராதியை மானிட்டருக்கு இழுத்தால் அங்கே படம் நசுக்கப்படுகிறது, சற்று மங்குகிறது. ஆகவே அகராதி இனி லேப்டாப்பில்தான்.

மார்ச் 11, செவ்வாய்

மவுஸ் மானிட்டரின் கீழ்ப்பகுதியிலிருந்து இடப்பக்கமிருக்கும் லேப்டாப்புக்குப் போக மறுத்தது. இப்போதைய கணக்கில் மானிட்டரின் உயரம் 1080, லேப்டாப்புடையது 800. மிச்சம் 280க்கு எதிரே திரையே இல்லை. செட்டிங்ஸில் இரண்டு பெட்டிகளின் அடிவிளிம்பையும் ஒரே கோட்டில் வைத்தேன். மேசையில் அவை இருக்கிற மாதிரியே.

பிறகு 112ஆம் பக்கத்தைப் பெரிதாக்காமல் திறந்தேன். "பல" என்ற இடத்தில் புள்ளி இல்லை என்பது எட்டியிருந்தே தெரிந்தது. வைத்தேன். புதன்கிழமை பார்த்த நாற்பதில் இன்னும் மூன்று அகப்பட்டன.