வாய்பேசா உயிர்

ஏர் அவிழ்த்ததும், தாம் உண்ணுமுன் எருதுக்குத் தண்ணீர் காட்டுதல் வாழப்பாடி உழவர் மரபு. உழைக்கும் உயிரின் களைப்பை அறிதலே அறம். உலக அரங்கிலும் இவ்வறம் தவறியதுண்டு.

2021ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்த ஐந்திறப் போட்டியில், குலுக்கலில் கிடைத்த குதிரையை இருபதே நிமிடங்களில் பழக்கி ஏறுதல் வேண்டும் என்பது விதி. ‘செயிண்ட் பாய்’ என்னும் குதிரை முதற் சவாரியிலேயே தடை தாண்ட மறுத்தது. எனினும், முன்னணியில் நின்ற ஜெர்மானிய வீராங்கனைக்கும் அதனையே அளித்தனர். குதிரை மிரண்டது, மங்கை கண்ணீர் விட்டார், பயிற்றுநரோ குதிரையைக் கையால் குத்தினார், போட்டியினின்று விலக்கப்பட்டார். ஆயினும் குறை ஏற்பாட்டிலேயே இருந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிற்குப்பின் ஐந்திறத்தினின்று குதிரையேற்றமே நீக்கப்பட்டது.

மாணவர்களே! வாய்பேசா உயிரின் மறுப்பும் ஒரு சொல்லே, அதற்குச் செவிகொடுப்பீர்களாக.